உறுதிப் பெட்டியும் மாற்றப்பட்ட பெயரும்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணக் கிராமத்துப் பெண்

அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று நான்கு தலைமுறை வரை பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உம்மாவின் உம்மாவுக்கு உம்மா யார் என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகிறார்கள். இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்கள் நமக்குப் பெரிதும் உதவுகின்றன.

உடுவிலில் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் நகரில் 1796இல் பிறந்த ஹரியட் வின்ஸ்லோ, கணவர் மிரோன் வின்ஸ்லோவுடன் 1819இல் இலங்கைக்குக் கப்பலேறினார். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். ஆசியாவில் தோன்றிய முதல் பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அது ஒன்று. 1833 ஜனவரியில் அவர் அங்கேயே காலமானார். இரண்டு ஆண்டுகளில் கணவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1862இல் வெளிவந்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதிக்கு உரியவரும் இதே மிரோன் வின்ஸ்லோதான். ஹரியட்டின் மகளை மணந்தவர் ஜோன் வெல்ஷ் டலஸ். அவ்வழியில் வந்த கொள்ளுப்பேரன்மார் இருவர்: 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ், அதே காலப்பகுதியில் சி.ஐ.ஏ. பணிப்பாளராக இருந்த அலன் டலஸ். உடுவிலில் மறைந்த அந்தப் பெண்ணிலிருந்து வாஷிங்டன் வரை ஒரு கண்ணியும் அறாமல் குடும்ப வரலாற்றைச் சொல்லிவிட முடிகிறது.

அவர் கற்பித்த பெண்பிள்ளைகளின் கதை அப்படியல்ல. உடுவில் பாடசாலைக்கு முன்னரே தெல்லிப்பழை மிஷன் வளவில் படிக்க வந்த இரு சிறுமியரைப் பற்றி மிஷன் வட்டாரத்தில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்தது. எழுத்துப் படிப்பதற்குத் தகப்பன் தடை சொல்லவில்லை. கிறிஸ்தவர் வளவில் சோறு தின்னக்கூடாது என்பதே அவர் கட்டளை. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்ப முடியாத பிள்ளைகள் பசியோடு அங்கே தங்க நேர்ந்தது. அந்த மழையோடு கட்டுப்பாடும் தளர்ந்தது என்பது கதையின் சாரம்.

கதை நெகிழ்ச்சியானதுதான். ஆனால் அந்தச் சிறுமியர் மிஷன் ஏடுகளில் நிலைத்திருப்பது மரியா பீபொடி, மிரண்டா சபோர்ட் என்ற பெயர்களில். பிள்ளைகளின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர் விரும்பிய பெயரைச் சூட்டுவது அக்கால மிஷன் வழக்கம். தாயும் தகப்பனும் வைத்த பெயர், எந்த வளவு, யாருடைய பேத்தி என்பவையெல்லாம் அந்தப் புதுப்பெயரின் பின்னால் மறைந்துவிட்டன.

ஆண்களுக்கும் இது நடந்தது என்று சொல்லலாம். உண்மைதான். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை அதற்கு ஓர் உதாரணம். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை, ஆனல்ட் என்றும் அறியப்பட்டவர். ஆயினும் அவர்கள் பதிப்பித்த, எழுதிய நூல்களின் முகப்பில் தமிழ்ப் பெயர் மீண்டு வந்தது. உடுவிலில் படித்த பெண்களுக்கு அத்தகைய நூல் முகப்பு வாய்க்கவில்லை. 1842 முதல் 1879 வரை அப்பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ எனப் புகழப்பட்டார். தாயின் பெயர் நமக்குத் தெரியும். அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

அப்படியானால் கிராமத்துப் பெண்ணின் பெயர் எங்கே தங்கியது? பெரும்பாலும் சீதன உறுதியில். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையை, பிரித்தானியர் 1806இல் சட்டமாக்கினர். பழைய வழமைப்படி தகப்பன் வழி வந்த முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேரும். ஆகவே ஒரு காணித்துண்டின் உறுதிகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால் மகள், தாய், பாட்டி என்று ஒரு பெண்வழி கிடைத்துவிடும். நிலம் இருந்த பெண்ணுக்கு வரலாறும் கொஞ்சம் இருந்தது. விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது வேறு விடயம்.

நிலமில்லாதவளின் நிலை கொடியது. அதே தேசவழமை, அடிமைப் பெண்ணின் பிள்ளைகளை அவளுடைய எசமானுக்கே உரித்தாக்கியது. பெண்வழி அங்கே சொத்துரிமையாக அன்றி விலங்காகவே இறங்கியது. 1821இல் பிரித்தானிய அரசு, கோவியர், நளவர், பள்ளர் சமூகங்களின் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை எசமானருக்கு விலை கொடுத்து விடுவிக்கும் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். அந்தப் பெண்கள் அரச ஏட்டில் இடம்பெற்றது யாரோ ஒருவரின் உடைமையாக. அவர்களின் சந்ததியார் தம் பாட்டியைத் தேடிப் போனால் முதலில் எசமானின் பெயரைத்தான் சந்திக்க வேண்டியிருக்கும்.

இதனை மற்றவர் கதையாக நாம் வாசித்துவிட்டுப் போக முடியாது. நமது சமூகத்திலும் மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பது வேரூன்றிய வழக்கம். யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் உறுதி என்பது அலுமாரியில் உம்மாவின் சேலைக்கடியில் இருந்த பொருள். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் அம்மக்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றியபோது வீடுகளோடு பெட்டிகளும் பின்தங்கின. அகதியாகப் போனவருக்குக் காணித்துண்டு மட்டுமா இல்லாமல் போனது? மூத்தும்மாவின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரேயொரு தாளும் அல்லவா போனது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டதை வரலாற்றிழப்பு என்று சரியாகவே சொல்கிறோம். இந்தப் பெட்டிகளையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மிஷன் ஏடு பெயரை மாற்றியது. அடிமை ஏடு பெண்ணைப் பொருளாக்கியது. உறுதி, காணி உள்ளவரை மட்டும் நினைவில் வைத்தது. இம்மூன்றுக்கும் வெளியே எஞ்சியிருப்பது வயதான பெண்களின் ஞாபகம் ஒன்றுதான். புத்தளத்திலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த ஞாபகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: “உங்கட உம்மாட உம்மாவுக்கு என்ன பேர்?”