சீதன வீடும் வளைகுடாப் பயணமும்: ஓட்டமாவடி குறித்து ஒரு நோக்கு

1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா நாடுகளில் உழைப்பாளருக்கான தேவையைப் பெருக்கிற்று. 1977இல் இலங்கையிற் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரம் அத்தேவைக்கு வாயிலைத் திறந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இவ்வேற்றுமதியை ஒழுங்குபடுத்தப் பணியகமொன்றை நிறுவியது.

ஓட்டமாவடி போன்ற மட்டக்களப்பு மாவட்ட முஸ்லிம் ஊர்களிற் குடும்பம் இப்பயணத்துக்கு ஆயத்தமாகும் முறை தனித்து நோக்கற்பாலது. மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளிப்பதும், மணமகன் பெண்வீட்டிற் குடிபுகுவதும் கிழக்கிலங்கை மரபு. சகோதரிகள் அயல்வளவுகளில் வாழ்வதால், புறப்படும் தாய் பிள்ளைகளை உம்மம்மாவிடமோ சாச்சியிடமோ ஒப்படைக்க முடிகிறது. ஆயின் மகளுக்கு வீடு கட்டவேண்டிய கடனே ஏழைத்தாயைப் பணிப்பெண்ணாகக் கடல்கடக்கச் செய்கிறது. பிள்ளைகளைத் தாங்கும் மரபே தாயைப் பிரிக்கவும் செய்கின்றமை இங்குள்ள முரண்பாடாகும்.

2013இல் அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்குத் தடை விதித்தது, தந்தையருக்கு விதிக்கவில்லை. வறுமையின் பொறுப்பு இவ்வாறு தாயின்மேற் சுமத்தப்பட்டது.