96 மணி நேரச் சாட்சி

மும்பையின் செம்பூரை ஒட்டிய மாகுலில் 1950களின் நடுவில் ஸ்டான்வாக்கும் பர்மா ஷெல்லும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் திறந்தன. 1956இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் உரத் தொழிற்சாலையும் எழுந்தது. இந்த வேலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரில் வேரூன்றின.

அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே தாணே உப்பங்கழியில் வலை வீசியவர்கள் கோலி மீனவர்கள். தண்ணீர் வற்றியதும் சேற்றில் துள்ளித் திரியும் உளுவையை ‘நிவ்டி’ என்று அழைத்துப் பிடித்துவந்தார்கள். அந்தச் சேற்றுக்குத்தான் புதிய ஆலைகளும் அண்டைவீடாயின.

ஆலைக் கழிவுநீரைச் சோதிக்க மீனையே பயன்படுத்தும் முறையை இந்தியத் தர நிறுவனம் 1971இல் வரையறுத்தது: ஐ.எஸ். 6582. போபால் பேரழிவுக்குப் பின் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், 1993இல், அது சட்டமாகவே நுழைந்தது. நல்ல நீர் கலந்து நீர்க்கச் செய்யாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். 2001இல் திருத்திய தரத்தில் வரிக்குதிரை மீனுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைப் படுகை மீன்களைப் பற்றிய நூலில் முதன்முதலாக விவரித்த, விரல் நீளம்கூட இல்லாத நம் நாட்டு மீன் அது.

ஆனால் சட்டம் எண்ணுவது சாவை மட்டுமே. நஞ்சு கலந்த தொட்டியை உற்றுப் பாருங்கள். மீனின் செவுள் மூடி முதலில் வேகமாக அடிக்கிறது. பிறகு அது மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாவுக்கு வெகுநேரம் முன்பே செய்தி வந்துவிடுகிறது.

இந்தச் செய்தியை ஐரோப்பா காது கொடுத்துக் கேட்டது. ரைன் நதிக்கரைக் கண்காணிப்பு நிலையங்களில் மீன்களை ஓடும் நீரில் விட்டார்கள். நலமான மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். நஞ்சு தாக்கினால் தளர்ந்து பின்னால் அடித்துச் செல்லப்படும். உணர்கருவி உடனே மணியடிக்கும். 1986 நவம்பர் 1 அன்று பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் வேதிப்பொருள் கிடங்கு எரிந்து ரைனின் விலாங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, இத்தகைய உயிர்க் காவல் மேலும் வலுப்பட்டது. அமெரிக்காவில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்கள் குடிநீருக்கே புளூகில் மீன்களைக் காவல் வைத்தன. அவற்றின் மூச்சசைவில் எழும் நுண்ணிய மின்குறிகளைக் கணினி இடைவிடாமல் படித்தது.

தாணே உப்பங்கழிக்கு இந்த வேகம் இன்னும் அவசியம். அங்கே நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. 96 மணி நேரச் சோதனை முடிவதற்குள் ஏழெட்டு ஓதங்கள் கழிந்துவிடும். சோதனைக்கு எடுத்த அதே கழிவுநீர் அலையாத்திக் காட்டுக்குள்ளும் நிவ்டியின் வளைக்குள்ளும் பரவியிருக்கும். ஆய்வகத்தில் நான்கு நாள் காத்திருக்கும் சோதனையோடு, கழிவுநீர் வெளியேறும் குழாய் வாயிலேயே மீன் தொட்டி வைத்து, செவுள் அடிப்பையும் நீச்சலையும் அன்றாடம் பதிவு செய்வதையும் விதியாக்க வேண்டும்.