தொலைவு புதிதன்று

கொரோனாக் காலத்துக் கல்வியின் வரலாற்றைக் கொழும்பிலிருந்து எழுதுவோர், 2020 மார்ச்சில் பாடசாலை மூடியது, 2021 ஒக்டோபரில் திறந்தது, இடையில் திரை கைகொடுத்தது என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துவிடக் கூடும். சப்ரகமுவத் தோட்டமொன்றிற் படிப்பிக்கும் எனக்கோ அவ்வரலாறு 1907இல் தொடங்குவதாகவே படுகிறது.

அவ்வாண்டுச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கிற்று. பத்து வயதுப் பிள்ளை கொழுந்து பறிக்க வருமென்று காத்திருந்தவனிடமே அதன் படிப்பும் ஒப்படைக்கப்பட்டது! 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி, நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளின் வாயிலைத் திறந்தது. அதன் பெருமையை எவரும் குறைத்துரைக்கவொண்ணாது. ஆயினும் தோட்டப் பள்ளிகள் அவ்வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. அவற்றை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான்.

மலையகம் என்றதும் நுவரெலியாவையே நினைப்போர் எட்டியாந்தோட்டையையும் தெரணியகலையையும் இறக்குவானையையும் மறந்துவிடுவர். இங்கே தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடசாலைகளும் அவ்வாறே. நெடுந்தூரம் நடந்தே பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுக்குக் கல்வி என்றுமே தொலைக்கல்விதான்.

2020 ஏப்ரலில் 'குருகெதர' தொலைக்காட்சிப் பாடங்கள் வந்தன. தமிழில் நேத்ரா அலைவரிசை ஒளிபரப்பிற்று. பின்னர் வட்ஸ்அப், சூம். நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒன்றில் கணினி இருந்த அக்காலத்தில், தோட்டப்புறத்தில் பத்து வீட்டுக்கு ஒன்றிற்கூட இருக்கவில்லை. தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபாவுக்கான நெடுங்காலக் கோரிக்கை 2021 மார்ச்சிலேதான் நிறைவேறிற்று. திரைக் கைப்பேசி ஒன்று வாங்கினால் ஒரு மாத உழைப்பு ஏறத்தாழ முழுதும் போய்விடும்.

என் வகுப்பில் மூன்றிலொரு பங்கினரும் வட்ஸ்அப் குழுவிற் சேரவில்லை. சேர்ந்தவர்களுள் ஒருத்தியின் கைப்பேசி அவள் அண்ணனுடையது. புறக்கோட்டைக் கடை மூடி அவன் வேலையிழந்து லயத்துக்கு வந்தபோது அவளுக்குப் படிப்புக் கிடைத்தது. கடை திறந்ததும் அண்ணனும் போனான், படிப்பும் போயிற்று. அவனுக்கு மீண்டும் வேலை கிடைத்ததற்கு அவள் மகிழ்வதா, அழுவதா?

1934-35இல் மலேரியா கேகாலைக் கிராமங்களைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து வீடுவீடாக நடந்தனர். எமக்கோ அவ்வாறு நடப்பதே தடையாயிருந்தது. ஆகவே பாடங்களைத் தாளிற் கையால் எழுதிப் படியெடுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்திற் சேர்ப்பித்தோம். கணக்கப்பிள்ளை பெயர் பார்த்துக் கொடுப்பார்; தாய்மார் கூடையிலிட்டுக் கொண்டுபோவர். அடுத்த வாரம் விடைகள் அதே வழியே திரும்பும், சிலவற்றில் கொழுந்துச் சாற்றின் கறையோடு.

2021 ஜூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. 24 ஆண்டுச் சம்பள முரண்பாட்டுக்கு எதிரான போராட்டம் அது. நானும் பங்குகொண்டேன், அது நியாயமானதென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் ஓர் உண்மையை மறைப்பானேன்? எம் மாணவரிற் பெரும்பாலோர் அவ்வேலைநிறுத்தத்தை அறியவே இல்லை. என்றுமே வந்து சேராத வகுப்பு நின்றுபோனதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

மடுவத்துத் தாள் நின்றதைத்தான் அறிந்தனர். இரண்டு வாரங்களின் பின் கடைத்தெருவில் ஒரு தாய் வழிமறித்தாள்: "என்னா சேர், தாளு வரலியே? எம்புள்ள மேல ஏதும் கோவமா?"

அன்றிரவே மீண்டும் எழுதினேன். அயற்பாடசாலை நண்பர் அது கருங்காலித்தனமே என்றார். தொழிலாளி பிள்ளையைக் கைவிட்டு எந்த வர்க்கத்துக்காகப் போராடுகிறோம் என்று நான் கேட்டேன். பிள்ளைகளைக் காட்டித்தானே எல்லா அரசுகளும் ஆசிரியரை அடக்குகின்றன என்றார் அவர். அதுவும் மெய்யே. அவ்விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

2021 ஒக்டோபர் 21இல் இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டன. சிறியவை என்பதால் தோட்டப் பள்ளிகள் பலவும் அன்று முன்வரிசையில் நின்றன. 25ஆம் நாள் நாங்களும் வேலைக்குத் திரும்பினோம்.

நவம்பரில் என் வகுப்புக் கூடியபோது இடாப்பை அழைத்தேன். நால்வர் இல்லை. ஒருவன் தந்தையோடு இறப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறான். இருவர் கொழும்புக் கடைகளில். நான்காமவள் அந்த அண்ணனின் தங்கை. எந்தக் கடையென்று தெரியவில்லை. அவள் செய்து முடித்த தாள்களின் கட்டொன்று மடுவத்திற் கிடந்தது. திருத்தி வைத்திருக்கிறேன்.