தேடியவர் யார்?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே காணப்படும் பழைய கல்வீடுகள் பலவற்றை ‘மலாயாக் காசில்’ எழுந்தவை என்று கூறுவது வழக்கம். இக்கூற்று பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. மலாயாவிலே காசு தேடியவனை நினைவிற்கொண்ட நமது சமுதாயம், அக்காசை வீடாகவும் காணியாகவும் பிள்ளைகளின் கல்வியாகவும் மாற்றியவளை மறந்துவிட்டது.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. தொடர்ந்து விரிவடைந்த புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். மிஷன் பாடசாலைகளிலே அக்கல்வியைப் பெற்றும் சொந்த மண்ணில் அதற்கேற்ற உத்தியோகம் காணாத யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கப்பலேறினர். சிலர் பின்னர் மனைவியரையும் அழைத்துக்கொண்டனர். வேறு சிலரின் குடும்பங்கள் ஊரிலேயே தங்கின.

அக்குடும்பங்களை நடத்தியவர் யார்? மணியோடர் வந்ததும் அதனைக் கடனுக்கும் சீட்டுக்கும் பாடசாலைச் சம்பளத்திற்கும் எனப் பகுத்தவள் மனைவியே. புகையிலைத் தோட்டத்திற்கு எருவிடுவித்தல், வேலி அடைப்பித்தல், கிடுகு மாற்றி வீடு வேய்வித்தல், நன்மை தீமைகளில் முறை தவறாது நிற்றல் யாவும் அவள் பொறுப்பாயின. அவளை வானளாவப் புகழ்வது நமது நோக்கமன்று. தோட்டங்களிலே உழைத்தோருள் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அவர்களது கூலியை அளந்ததும் அவள் கையே. பொறுப்பு அவளிடம் இருந்தது. உரிமை இருந்ததா?

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், தேசவழமை எழுத்துருப் பெற்றது. அதனையொட்டி 1911 இல் இயற்றப்பட்ட விவாக உரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் சீதனம் அவளது தனிச் சொத்தே என ஏற்றது. மணவாழ்விலே தேடப்பெற்ற ‘தேடியதேட்டத்தில்’ இருவர்க்கும் சம உரிமை உண்டு எனவும் கூறிற்று. ஆனால் அதே சட்டம், அவள் தன் காணியை விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. காணியில் நிற்பவள் ஒருத்தி. கடலுக்கு அப்பாலிருந்து கையெழுத்திட வேண்டியவன் இன்னொருவன்!

இம்முரண்பாட்டின் கொடுமையை யுத்தம் வெளிப்படுத்திற்று. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 இல் யப்பான் சரணடையும்வரை மலாயாவிலிருந்து மணியோடர் வரவில்லை. அரிசித் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலே அவள் தன் நகையை அடைவு வைக்கலாம். அது அசையும் சொத்து. காணியை ஈடுவைப்பதாயின், கிட்டாத சம்மதத்திற்கு ஈடாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். உலையேற்ற வழி தேடியவளுக்குச் சட்டம் காட்டிய வழி வழக்காகும்!

அவ்விதி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் ஏட்டில் நிலைத்து நின்றது. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று பழமொழி பேசிய சமுதாயம், ஊதியம் பெற்றதை மட்டுமே உழைப்பெனக் கணித்ததன் விளைவு இது. மலாயாக் காசின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், தேடியதேட்டத்தைத் தேடியவர் யார் என்ற வினாவையும் அவர்கள் முன் வைத்தல் வேண்டும். கல்வீட்டின் வரலாறு அப்பொழுதே முழுமை பெறும்.