மூன்று கிராமமும் ஒரு கணினியும்

பள்ளிக்கூடத்துக்கு எதிர்பாராமல் கொஞ்சம் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கணினி வாங்குவதா, புத்தகம் வாங்குவதா? பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், இரண்டு கட்சிகள் உடனே முளைத்துவிடும். எந்தக் கட்சியில் சேருவது என்று புரியாதபோது பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். புதுச்சேரி நாட்டுப்புறத்தில் அப்படிப் புரட்டுவதற்கு நல்ல கணக்குகள் இருக்கின்றன.

முதல் கணக்கு பாகூரில். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 877. பாகூரில் இருந்த 'வித்யாஸ்தானம்' என்ற கல்லூரிக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று கிராமங்கள் தானமாக வழங்கப்பட்டன. வடமொழியிலும் தமிழிலுமாக ஐந்து செப்பேடுகளில் அதை எழுதி வைத்தார்கள். 1879-இல் கண்டெடுக்கப்பட்ட அந்த ஏடுகள் பின்னர் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாகூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர் பெற்ற கல்விக் கொடையைக் கண்ணால் காண வேண்டுமானால் கப்பலேற வேண்டும்!

வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில் இன்னொரு கணக்கு. முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048-இல், அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி நடந்தது. அதற்கு விடப்பட்ட நிலம் 72 வேலி. ஆண்டுதோறும் வரவேண்டிய நெல் 12,000 கலம்.

இந்தக் கொடைகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தடவை பொருளை வாங்கிப் போட்டுவிட்டுக் கொடையாளிகள் கைகழுவவில்லை. ஆண்டுதோறும் விளையும் நிலத்தைக் கொடுத்தார்கள். கல்விச்சாலை என்பது முதலில் கற்பிக்கும் மனிதரும் கற்கும் பிள்ளையும்தான், அவர்களுக்கு அடுத்த ஆண்டும் பசிக்கும் என்பதை அந்தக் காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் பெரிய பற்று ஒன்றும் உண்டு. அவை வேதமும் சாத்திரமும் பயிலும் அந்தணர்களுக்கான கல்லூரிகள். அந்த 12,000 கலம் நெல்லைச் சேற்றில் நின்று விளைவித்தவனின் மகனுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கடன் நெடுங்காலம் தீராமலே கிடந்தது. 1998-இல் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் கணினி மையங்களைத் தொடங்கியது. மின்சாரத்தை நம்ப முடியாத இடங்களில் சூரிய ஒளித் தகடு. கிராமங்களை இணைக்கக் கம்பியில்லாத் தொடர்பு. ஊரார் இடம் கொடுக்க வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலை ஒட்டிய அறையிலேயே மையம் அமைந்தது. சந்நிதிக்குள் போக முடியாதவர்களும் அந்த அறைக்குள் போனார்கள். கணினியை இயக்கியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எந்தப் புத்தகமும் நாளைய அலையைச் சொல்லாது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்ததும், நல்லவாடு மக்களைக் கரையிலிருந்து விரட்டி உயிர் காத்ததும் இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கிதான்.

அப்படியானால் கணினிக்கே என் ஓட்டு என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். அன்று ஊரைக் காத்தது இயந்திரம் மட்டும் அல்ல. ஓடிப்போய் அறையைத் திறந்து, ஒலிபெருக்கியில் குரல் கொடுத்த மனிதர்கள். அலைக் கணக்கைத் தமிழாக்க ஆள் இல்லையென்றால் அது வெறும் எண்தானே?

சிறுவயதில் என் பள்ளியில் புத்தகங்கள் கண்ணாடிப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. முதுகுகளை மட்டும் வாசித்தே ஐந்து வருஷம் கழித்தேன். இன்று உறை கழற்றாத கணினிகளைப் பார்க்கும்போது அந்தப் பீரோதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: கிராமப் பள்ளியின் முதல் காசு புத்தகத்துக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் ஆளின் சம்பளத்துக்கும். புத்தகத்துக்கு மின்சாரம் வேண்டாம். தைத்து வைத்தால் பேரனுக்கும் ஆகும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே கணினியும் கைகொடுக்கும். அடுத்த காசில் கணினி வரட்டும்; ஆண்டுதோறும் அதைப் பேண வழி செய்துவிட்டு வரட்டும்.

பாகூரார் நிலம் விட்டார்கள், கதவைத் திறக்கவில்லை. ஏம்பலத்தார் கதவைத் திறந்தார்கள். நாம் இரண்டையும் செய்யலாமே?