உவர்மலைக்கு மேலே ஒரு கண்

ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்று எழுதப்படும் மேட்டுநிலத்தைத் திருகோணமலை மக்கள் உவர்மலை என்றே அழைப்பர். அங்கிருந்து நோக்கினால் உட்துறைமுகம் கண்முன்னே விரியும். உயரத்தில் இருந்து பார்ப்பவனுக்கே துறைமுகம் வசப்படும் என்பதை இந்நகர் நெடுங்காலமாக அறியும். ஒல்லாந்தர் துறைமுக வாயிலைக் காக்க ஒஸ்டன்பேர்க் கோட்டையைக் குன்றின்மீது அமைத்ததும் அதனாற்றான். அவ்வாறிருந்தும் 1782 ஆம் ஆண்டில் மட்டும் துறைமுகம் ஜனவரியில் ஆங்கிலேயரிடமும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது.

இருபதாம் நூற்றாண்டில் குன்றின் இடத்தை விமானம் பிடித்துக்கொண்டது. 1942 ஏப்ரல் 8 ஆம் திகதி, கட்டலினா ரோந்து விமானமொன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டன. மறுநாட்காலை துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எண்ணெய்க் குதமொன்று தீக்கிரையானது. ஆயினும் தப்பிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு பார்வை பல கப்பல்களைக் காத்தது. இன்னொரு பார்வை ஒரு கப்பலை அழித்தது.

2006 ஏப்ரல் இறுதியில் கொட்டியாரக்குடாவின் மறுகரையில் உள்ள சம்பூர்ப் பகுதியில் கிபிர் விமானங்கள் குண்டு வீசின. 2008 ஆகஸ்ட் 26 ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகளின் இலகுரக விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைத் தாக்கியது. அக்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் இட்ட பெயர் 'வண்டு'. வண்டின் இரைச்சல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது.

இன்று அதே இரைச்சலுடன் திருமணப் படப்பிடிப்பாளர் வருகிறார். ட்ரோன் கமராவைத் தொழிலுக்காக வாங்க எண்ணும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, உணரியின் அளவு. மடித்துப் பையில் வைக்கக்கூடிய மாவிக் புரோவை 2016 இல் சீனாவின் டிஜேஐ நிறுவனம் வெளியிட்டபோது, அதன் உணரி கைத்தொலைபேசியின் அளவினதாகவே இருந்தது. 2018 இல் வந்த மாவிக் 2 புரோ ஓர் அங்குல உணரியையும், 2021 இல் வந்த மாவிக் 3 அதனினும் பெரிய ஃபோர் தேர்ட்ஸ் உணரியையும் பெற்றன. அந்திவேளைத் துறைமுகத்தைப் படமெடுப்பவருக்கு இவ்வேறுபாடே முக்கியம். சிறிய உணரி மங்கிய ஒளியில் புள்ளி புள்ளியாய்ச் சிதறிய படத்தையே தரும்.

இரண்டாவது, காற்று. 250 கிராமுக்குட்பட்ட சிறு ட்ரோன்கள் ஏறத்தாழ மணிக்கு 38 கிலோமீற்றர் வேகக் காற்றையே தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கச்சான் வீசும் மாதங்களில் கடலை நோக்கி அள்ளிச் செல்லப்படும் ட்ரோன் திரும்பி வருவது ஐயமே. 700 முதல் 900 கிராம் வரையானவையே இக்கரைக்கு ஏற்றவை. அவற்றையும் முதலில் காற்றை எதிர்த்துச் செலுத்துங்கள். மின்கலம் தளர்ந்தபின் காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

மூன்றாவது, பணியின் இயல்பு. திருமணத்துக்கும் விளம்பரத்துக்கும் நல்ல காணொளி போதும். காணி அளவைக்கும் வரைபடத்துக்கும் இயந்திர மூடி வேண்டும். இன்றேல் பறக்கும் வேகத்தில் எடுத்த படத்தில் நேர்கோடுகள் சாயும். 2016 இன் பாண்டம் 4 புரோவில் அது இருந்தது. ஆனால் அதன் நிறை ஏறத்தாழ 1.4 கிலோகிராம், மடிக்கவும் இயலாது. 2022 இல் வெளிவந்த மாவிக் 3 என்டர்பிரைஸ் அக்குறையைத் தீர்த்தது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது அனுமதி. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, ஏப்ரல் 25 ஆம் திகதி இலங்கையின் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களை முற்றாகத் தடை செய்தது. பின்னர் பதிவுடனும் அனுமதியுடனும் இடமளிக்கப்பட்டது. ஒருபுறம் கடற்படைத் தளம், மறுபுறம் சீனக்குடா விமானப்படைத் தளம் என்றிருக்கும் ஊரில் எழுத்து மூல அனுமதியின்றிப் பறக்கவிடுவது அறிவீனம்.

சட்டம் கேளாத அனுமதி ஒன்றும் உண்டு. 2017 இல் வந்த மாவிக் புரோ பிளாட்டினம் இரைச்சலை நான்கு டெசிபல் வரை குறைத்ததாக நிறுவனம் பெருமையுடன் அறிவித்தது. நான்கு டெசிபல் நல்லதே. அதனினும் நல்லது, பறக்கவிடுமுன் அயலில் உள்ள நாலு வீட்டின் கதவைத் தட்டி, "அம்மா, கலியாண வீட்டுப் படம் எடுக்கிறோம், பயப்படாதேயுங்கோ" என்று சொல்வது. அண்ணாந்து பார்ப்பவர்களுள் வண்டின் காலத்தைக் கடந்து வந்தவர்களும் இருப்பார்கள்.