சர்வர் வன்பொருளின் தொலை மேலாண்மை

சர்வர் இருக்கும் இடத்துக்குச் செல்லாமலே, இணைய உலாவி வழியாக அதன் வெப்பநிலை, மின்விசிறிகள், மின்வழங்கிகள், நினைவகம் முதலியவற்றைக் கண்காணித்து, அதை இயக்கவும் நிறுத்தவும் சீரமைக்கவும் உதவும் முறை சர்வர் வன்பொருளின் தொலை மேலாண்மை எனப்படும். தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட தனிச் சிறு கணினி ஒன்று இதற்கு அடிப்படை. ‘பேஸ்போர்டு மேலாண்மைக் கட்டுப்படுத்தி’ என்பது அதன் பொதுப்பெயர், சுருக்கமாக பி.எம்.சி. ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தனிப்பெயரில் விற்கிறது: ஹெச்.பி.இ. சர்வர்களில் ஐலோ, டெல்லில் ஐடிராக், லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர், சிஸ்கோவில் சி.ஐ.எம்.சி., ஃபுஜிட்சுவில் ஐ.ஆர்.எம்.சி.

ரிமோட் டெஸ்க்டாப், எஸ்.எஸ்.ஹெச். போன்றவை இயங்குதளம் ஒழுங்காக ஓடும்வரைதான் பயன்படும். பி.எம்.சி. இயங்குதளத்தைச் சார்ந்ததல்ல. லினக்ஸோ விண்டோஸோ உறைந்து நின்றாலும், வட்டு முழுதும் பழுதானாலும் அதன் பக்கம் உலாவியில் திறக்கும்.

அமைப்பு

பி.எம்.சி.க்குச் சொந்தமாகச் செயலி, நினைவகம், நிலைபொருள், பிணைய முகவரி எல்லாம் உண்டு. தைவானின் ஆஸ்பீட் நிறுவனத்தின் சில்லுகள் இத்துறையில் பரவலாகப் பயன்படுகின்றன. அதன் ஏ.எஸ்.டி. 2600 சில்லில் இரண்டு கருக்கள் கொண்ட ஆர்ம் கோர்டெக்ஸ் ஏ7 செயலி இருக்கிறது. அதில் ஓடும் நிலைபொருள் பெரும்பாலும் லினக்ஸ் அடிப்படையிலானது.

சர்வரை அணைத்த பிறகும், மின்கம்பி செருகியிருக்கும்வரை மின்வழங்கி சிறிதளவு காத்திருப்பு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். பி.எம்.சி. அதில் இயங்குவதால்தான் அணைந்திருக்கும் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க முடிகிறது. பல சர்வர்களில் திரையில் தெரியும் காட்சியை உருவாக்கும் வேலையும் இதே சில்லுடையது. ஆகவே இயங்குதளம் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் திரையையும் அது படம்பிடித்து அனுப்பும். சர்வரைப் பொறுத்தவரை, பி.எம்.சி. தன்னை யு.எஸ்.பி. விசைப்பலகையாகவும் சுட்டியாகவும் குறுந்தகட்டு இயக்கியாகவும் காட்டிக்கொள்கிறது.

பிணைய இணைப்பு இரு வகைப்படும். ஒன்று மேலாண்மைக்கு மட்டுமான தனித் துளை. மற்றொன்று சர்வரின் வழக்கமான துளையையே பகிர்ந்துகொள்வது. பகிர்வு முறையில் கேபிள் மிச்சமாகும். ஆனால் மேலாண்மைப் போக்குவரத்தைத் தனியே பிரித்துவைப்பது கடினமாகிறது.

வரலாறு

தொடக்கத்தில் இவ்வசதி தனியாக வாங்கிச் செருகும் அட்டையாகவே கிடைத்தது. பின்னர் தாய்ப்பலகையோடு இணைந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறியதால், இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. ஆகிய நான்கும் சேர்ந்து 1998இல் ஐ.பி.எம்.ஐ. என்ற பொதுத் தரத்தை வெளியிட்டன. 2001இல் வந்த 1.5 பதிப்பு பிணையம் வழியான அணுகலைச் சேர்த்தது. 2004இல் வந்த 2.0 பதிப்பு மறையாக்கத்தையும், எழுத்துவடிவக் கன்சோலைப் பிணையத்தில் அனுப்பும் வசதியையும் கொண்டுவந்தது. யு.டி.பி. 623ஆம் துறை இதற்குரியது.

இத்தரம் உணரிகள், நிகழ்வுப் பதிவு, மின் கட்டுப்பாடு போன்றவற்றோடு நின்றுவிட்டது. இணையப் பக்கமும், சர்வரின் திரையை உலாவியில் காட்டும் தொலைத்திரையும் அந்தந்த நிறுவனம் தனியே சேர்த்தவை. பழைய சர்வர்களில் தொலைத்திரைக்கு ஜாவா அல்லது ஆக்டிவ்எக்ஸ் தேவைப்பட்டது. இன்றைய உலாவிகள் அவற்றை ஆதரிப்பதில்லை. புதிய சர்வர்கள் ஹெச்.டி.எம்.எல். 5க்கு மாறிவிட்டன.

பயன்பாடுகள்

உள்நுழைந்ததும் முகப்பில் தெரிவது வன்பொருளின் உடல்நிலை: வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் சுழல்வேகம், மின்செலவு. ஒவ்வோர் உணரிக்கும் எச்சரிக்கை எல்லையும் அபாய எல்லையும் உண்டு. அளவு எல்லை மீறினால் மின்னஞ்சலோ எஸ்.என்.எம்.பி. அறிவிப்போ செல்லும்.

பழுது பார்ப்பவர் முதலில் திறப்பது நிகழ்வுப் பதிவேட்டை. எந்தத் துளையிலுள்ள நினைவகத்தில் பிழை, எந்த மின்வழங்கி எப்போது நின்றது என்பதெல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும்; எந்த உதிரிபாகத்தை எடுத்துச்செல்வது என்று கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். ஒரே மாதிரியான சர்வர்கள் அடுக்கிய ரேக்கில் பழுதான ஒன்றைக் காட்ட, அதன் அடையாள விளக்கை இங்கிருந்தே எரியவிடலாம்.

நிர்வாகியின் கணினியிலுள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சர்வரில் செருகிய வட்டுபோலக் காட்டும் ‘மெய்நிகர் ஊடக’ வசதியால், ஊர் விட்டு ஊர் இருக்கும் சர்வரிலும் இயங்குதளம் நிறுவலாம். ஐலோ, ஐடிராக் ஆகியவற்றில் தொலைத்திரையை முழுமையாகப் பயன்படுத்தப் பொதுவாகக் கூடுதல் உரிமம் வாங்க வேண்டும்.

ரெட்ஃபிஷ், ஓப்பன்பி.எம்.சி.

ஒன்றிரண்டு சர்வர்களுக்கு இணையப் பக்கம் போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நிரல்வழி மேலாண்மை தேவை. இதற்காக டி.எம்.டி.எஃப். அமைப்பு 2015இல் ரெட்ஃபிஷ் தரத்தை வெளியிட்டது. ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாக ஜேசன் வடிவில் தகவல் பரிமாறுவதால், வலைநிரல் எழுதத் தெரிந்தவர் எவரும் இதை எளிதில் கையாளலாம். ஐ.பி.எம்.ஐ.யின் இடத்தை இது படிப்படியாகப் பிடித்துவருகிறது. நிலைபொருளைத் திறந்த மூலமாக்கும் முயற்சியான ஓப்பன்பி.எம்.சி. 2018இல் லினக்ஸ் அறக்கட்டளையின் திட்டமானது.

பாதுகாப்பு

இயங்குதளத்துக்கு அப்பாற்பட்டு நிற்பதே பி.எம்.சி.யின் பலம், ஆபத்தும் அதுவே. இதைக் கைப்பற்றியவர் சர்வரின் முன் நேரில் அமர்ந்தவருக்குச் சமம். இயங்குதளத்திலுள்ள நச்சுநிரல் தடுப்பான் இதன் உள்ளே பார்க்க முடியாது. வட்டை அழித்து மறுபடி நிறுவினாலும் ஊடுருவல் நீங்காமல் இருக்கலாம்.

ஐ.பி.எம்.ஐ. 2.0இன் குறை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. சரியான பயனர் பெயரைத் தந்து கேட்டால், கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவத்தை உள்நுழைவுக்கு முன்பே கொடுத்துவிடும்; அதை வைத்துக் கடவுச்சொல்லை ஆற அமர ஊகிக்கலாம். 2017இல் தெரியவந்த ஐலோ 4 குறையில், கோரிக்கையின் ஒரு பகுதியில் ‘ஏ’ எழுத்தை 29 முறை அனுப்பினாலே உள்நுழைவுச் சோதனையைத் தாண்ட முடிந்தது. பல நிறுவனங்களின் சர்வர்களில் உள்ள ஏ.எம்.ஐ. மெகாராக் நிலைபொருளின் ஒரு குறை, 2025 ஜூனில் அமெரிக்காவின் சிசா அமைப்பு பராமரிக்கும் ‘தாக்குதலில் பயன்படுத்தப்படும் குறைகள்’ பட்டியலில் சேர்ந்தது.

முன்பு பல நிறுவனங்கள் தங்கள் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல்லை வைத்திருந்தன. கருவிக்குக் கருவி வேறு கடவுச்சொல் அல்லது முதல் பயன்பாட்டில் கட்டாய மாற்றம் கோரும் கலிஃபோர்னியச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மேலாண்மைத் துளையை நேரடியாக இணையத்தில் திறந்துவைக்கக் கூடாது. அதைத் தனி வி.லேனில் (மெய்நிகர் உள்ளகப் பிணையத்தில்) வைத்து வி.பி.என். வழியாக மட்டும் அணுகுவதும், தேவையில்லாவிடில் ஐ.பி.எம்.ஐ.யை முடக்குவதும், இயங்குதளத்தைப் போலவே பி.எம்.சி. நிலைபொருளையும் காலந்தவறாமல் புதுப்பிப்பதும் அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகள்.